பிள்ளைகளின் மூளைக்கட்டி ஏன் பிந்திப் பிடிபடுகிறது? கொழும்புத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும், சிங்களம் சரளமாகத் தெரியாத தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி உதவி செய்து வருகிறேன். நான் வைத்தியர் அல்ல. ஆனால் மூளைக்கட்டி என்று கண்டறியப்பட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரோடு உட்கார்ந்து கதைக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையை யாரிடமும் காட்டாமல் விட்டவர்கள் மிகக் குறைவு. பலரிடம் காட்டியிருக்கிறார்கள். சத்தி ஒருவரிடம், தலையிடி இன்னொருவரிடம், மாறுகண் மூன்றாமவரிடம் போயிருக்கிறது. முழுக் கதையும் ஒரே வைத்தியரின் மேசைக்கு வந்து சேரும்போது மாதங்கள் ஓடிவிடுகின்றன. அவர்கள் கேட்ட கேள்விகளையும், வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்த பதில்களையும் கீழே தருகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கும் மூளையில் கட்டி வருமா?

வரும். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுநோய்க்கு. அடுத்த இடம் மூளை, முள்ளந்தண்டுக் கட்டிகளுக்கு. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் மண்டையோட்டுக்குள் மிச்ச இடம் கிடையாது, ஆகவே மெதுவாக வளரும் சாதுவான கட்டியும் பார்வையைப் பறிக்கலாம், உயிரையும் எடுக்கலாம்.

அதேநேரம் தலையிடி என்று சொல்லும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் கட்டி இல்லை. பசி, நித்திரைக் குறைவு, தடிமன், ஒற்றைத் தலையிடி என்று சாதாரணக் காரணங்களே இருக்கும். இதை வாசித்துவிட்டு இன்றிரவு நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டாம். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் தெரிந்திருந்தால் போதும்.

அப்படியென்றால் எந்தத் தலையிடி, எந்தச் சத்தி சாதாரணமானது அல்ல?

பிரித்தானியாவில் வைத்தியர்களுக்காக எழுதிய வழிகாட்டலில் இரண்டு கணக்குகள் உண்டு. புதிதாகத் தொடங்கிய தலையிடி, தொடர்ந்தோ விட்டு விட்டோ, 4 வாரங்களுக்கு மேல் இருந்தால் மூளைக்கட்டியையும் யோசிக்க வேண்டும். சத்தி அல்லது குமட்டல் 2 வாரங்களுக்கு மேல் போனாலும் அப்படித்தான்.

சில வகைத் தலையிடிக்கு ஸ்கேன் கட்டாயம் தேவை என்றே அந்த வழிகாட்டல் சொல்கிறது: பிள்ளையை நித்திரையிலிருந்து எழுப்பும் நீடித்த தலையிடி, காலையில் கண் விழிக்கும்போதே இருக்கும் நீடித்த தலையிடி, இடம் நேரம் தெரியாத குழப்பத்தோடு வரும் தலையிடி, 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நீடிக்கும் தலையிடி. எழும்பியதும் வரும் சத்தி நீடித்தாலும் அதேதான்.

சத்தியைப் பற்றி இன்னொன்று. வயிற்றுக் கோளாறால் வரும் சத்தி பெரும்பாலும் சில நாளில் நிற்கும். கூடவே வயிற்றோட்டமோ காய்ச்சலோ வயிற்று நோவோ இருக்கும். இவை எதுவும் இல்லாமல், காலையில் சத்தி எடுத்துவிட்டு, அப்புறம் பிள்ளை சாதாரணமாகச் சாப்பிட்டு விளையாடி, மறுநாள் காலை மறுபடியும் சத்தி எடுத்தால், பிரச்சினை வயிற்றில்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஏன் காலையில்?

மூளைக்குள் தண்ணீர் போன்ற ஒரு திரவம் எப்போதும் சுரந்து, சிறு வழிகளால் ஓடி, இரத்தத்தில் சேர்கிறது. பிள்ளைகளின் கட்டிகளில் பெரும் பங்கு தலையின் பின்பக்கத்தில், சிறுமூளையைச் சுற்றி வளர்கிறது. அந்தத் திரவம் வெளியேறும் ஒடுங்கிய வழியும் அங்கேதான் இருக்கிறது. வழி அடைபட்டால், குழாய் அடைத்த கழுவுதொட்டியில் தண்ணீர் ஏறுவது போல உள்ளே திரவம் தேங்கி அழுத்தம் கூடுகிறது. இரவெல்லாம் படுத்திருக்கும்போது அந்த அழுத்தம் இன்னும் கூடும். ஆகவே விடியும் நேரம் மோசமாகவும், எழும்பி நடமாடிய பிறகு கொஞ்சம் லேசாகவும் இருக்கும்.

பத்து மணிக்குப் பிள்ளை நன்றாக இருப்பதால்தான் ஏமாந்துபோகிறோம். பாடசாலைக்குப் போக விருப்பமில்லாமல் சாட்டுச் சொல்கிறான் என்று ஏச்சு வாங்கிய பிள்ளைகள் உண்டு. சனி, ஞாயிறிலும் அதே சத்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சாட்டு அல்ல.

என் பிள்ளைக்கு ஒன்றரை வயதுதான். தலையிடி என்று சொல்லத் தெரியாதே?

சொல்லத் தெரியாது, தலையைப் பிடித்துக்கொள்ளும், சுவரில் முட்டும், காரணமில்லாமல் சிணுங்கும், தூங்கித் தூங்கி விழும். இந்த வயதில்தான் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

சிறு குழந்தையின் மண்டையோடு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை. ஆகவே உள்ளே அழுத்தம் கூடினால் தலை பெருக்கும். தலை விரிந்து இடம் கொடுப்பதால் மற்ற அறிகுறிகள் பிந்தி வரும். பிள்ளை பிறந்ததும் நமக்குத் தரப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோட்டோடு தலைச் சுற்றளவுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. நிறையை எல்லாரும் பார்க்கிறோம். தலைச் சுற்றளவை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கிளினிக்கில் அளந்து குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை எடுத்த அளவு பெரிதாக இருப்பதைவிட, பிள்ளை போய்க்கொண்டிருந்த கோட்டைத் தாண்டி மேலே ஏறுவதுதான் கவலைக்குரியது. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடமும் இதைக் கேட்கலாம்.

உச்சிக்குழி உப்பி இறுகியிருப்பது, கருவிழி கீழே இறங்கி மேல் வெள்ளை தெரிவது, நடந்த பிள்ளை மறுபடி தவழத் தொடங்குவது, கழுத்தை எப்போதும் ஒரு பக்கம் சரித்து வைத்திருப்பது ஆகியவையும் அடையாளங்களே. கழுத்துச் சரிவை நம் வீடுகளில் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவார்கள். சில நாளில் சரியாகாத கழுத்துச் சரிவை நீவிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாடசாலை போகும் பிள்ளையிடம் என்ன மாற்றம் தெரியும்?

நடை, கை, கண், குணம். இந்த நான்கையும் பாருங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவது, கால்களை அகட்டி நடப்பது, அடிக்கடி தடக்கி விழுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நல்ல கையெழுத்து கொஞ்ச நாளில் கெட்டுப்போவது. கொப்பியின் பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். முதல் தடவையாக வரும் வலிப்பையும் ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது.

குண மாற்றத்தை நாம் வேறு கணக்கில் எழுதிவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பென்றால் புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கடி, டியூஷன் களைப்பு. பிள்ளை சோர்ந்துபோனால், எரிந்து விழுந்தால், புள்ளி குறைந்தால் அதற்கெல்லாம் அந்த ஒரு பரீட்சையே விளக்கமாகிவிடுகிறது. பல வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் குண மாற்றத்தோடு தலையிடி, சத்தி, தடுமாற்றம் என்று இன்னொன்றும் சேர்ந்தால் பரீட்சையைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது. வகுப்பு ஆசிரியர்கள் இங்கே பெரிய உதவி செய்யலாம். பிள்ளை எழுதுவதையும் ஓடுவதையும் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

வளரிளம் வயதில் இன்னொரு வகை உண்டு. மூளையின் நடுவில் சுரப்பிகளை ஆளும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டி வந்தால் அடங்காத தாகம், இரவில் பல தடவை சிறுநீர், உயரம் கூடாமல் நிற்பது, பருவமடைதல் மிக முந்துவது அல்லது பிந்துவது என்று தெரியும். சீனி வருத்தமா என்று இரத்தம் பார்த்து, சீனி இல்லை என்றதும் நிம்மதியாகி விட்டுவிடுகிறார்கள். சீனி இல்லாமலும் இப்படித் தாகம் எடுத்தால் அதற்குக் காரணம் தேடவே வேண்டும்.

கண் டாக்டரிடம் காட்டினோம், கண்ணாடி தந்தார். போதாதா?

பிள்ளைக்குத் தலையிடி என்றதும் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போவது கொழும்பில் வழக்கமாகிவிட்டது. அங்கே எழுத்துப் பலகையை வாசிக்க வைத்து, எந்த இலக்கக் கண்ணாடி தேவை என்று பார்ப்பார்கள். அது பார்வைக் கூர்மையை மட்டும் சொல்லும்.

நமக்குத் தேவைப்படுவது கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கும் சோதனை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் முனை அங்கே தெரியும். தலைக்குள் அழுத்தம் கூடினால் அந்த முனை வீங்கும். கருவி வைத்திருக்கும் வைத்தியர் அதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். கண் வைத்திய நிபுணர் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து இன்னும் தெளிவாகப் பார்ப்பார். "கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா, நரம்பு வீங்கியிருக்கிறதா?" என்று கேளுங்கள். என் கருத்தில், ஒரு பெற்றோர் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி இதுதான். ஒன்று மட்டும்: வீக்கம் இல்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகாது. மற்ற அறிகுறிகள் தொடர்ந்தால் தேடலும் தொடர வேண்டும்.

புதிதாக வந்த மாறுகண், இரண்டிரண்டாகத் தெரிகிறது என்ற முறைப்பாடு, கண் படபடவென்று ஆடுவது, இவற்றுக்குக் கண்ணாடி பதில் அல்ல.

பல டாக்டர்களிடம் காட்டினோம். ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை?

இதைத்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள், அழுதுகொண்டும் கேட்கிறார்கள். வைத்தியர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது லேசு. நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, நோய் அரிது. ஒரு குடும்ப வைத்தியர் தன் வாழ்நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஓரிருவரை மட்டுமே பார்த்திருக்கலாம். அதே அறிகுறியோடு வயிற்றுக் கோளாறும் பீனிசமும் ஒற்றைத் தலையிடியும் நாளுக்குப் பலதைப் பார்ப்பார். அவர் அடிக்கடி வருவதையே முதலில் யோசிப்பார், அது நியாயமும்கூட.

இரண்டாவது, கொழும்பில் டெங்கு. தலையிடியும் சத்தியும் என்றதும் எல்லார் மனத்திலும் அதுதான் வரும். இரத்தப் பரிசோதனை செய்கிறோம், பிளேட்லெட் சரியாக இருக்கிறது, டெங்கு இல்லை என்கிறார்கள். அந்த நிம்மதியில் பிள்ளை ஏன் சத்தி எடுக்கிறது என்ற கேள்வி பதில் இல்லாமலே நின்றுவிடுகிறது.

மூன்றாவதுதான் நம் கையில் இருப்பது. இங்கே வசதி உள்ளவர்கள் ஒரு டாக்டரின் மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்த கிழமை இன்னொருவரைச் சனல் பண்ணுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் ஓ.பி.டி.க்குப் போகிறார்கள், அங்கே ஒவ்வொரு தடவையும் வேறு வைத்தியர் இருப்பார். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். புதிய வைத்தியர் முன் பிள்ளை முதல் தடவை வந்த நோயாளி. "எத்தனை நாளாக?" என்று கேட்டால் "ரெண்டு மூன்று நாளாக மறுபடி" என்று சொல்கிறோம், ஏனென்றால் இந்தச் சுற்று அப்போதுதான் தொடங்கியது. ஆறு கிழமைக் கதை மூன்று நாள் கதையாகிவிடுகிறது. மூன்று நாள் சத்திக்கு எந்த நல்ல வைத்தியரும் ஸ்கேன் எழுதமாட்டார். மறுபடியும் குமட்டலுக்குப் பாணி மருந்து, மறுபடியும் பூச்சிக் குளிசை, மறுபடியும் பனடோல். பாமசியில் சொல்லி நாமே வாங்கிக் கொடுத்த நாட்கள் இதில் கணக்கிலேயே இல்லை.

ஒரு தாய் தன் மகளின் துண்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அவற்றைத் திகதி வரிசையில் அடுக்கியபோது முதல் சத்தியிலிருந்து அன்றுவரை எல்லாம் அதில் இருந்தது. முன்பே யாராவது அப்படி அடுக்கியிருந்தால் என்று அவர் நினைத்ததை முகத்தில் பார்த்தேன். அவரிடம் ஒரு குற்றமும் இல்லை. அப்படிச் செய்யுங்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். திகதி, நேரம், சத்தியா தலையிடியா, நித்திரையிலிருந்து எழும்பினாளா, என்ன மருந்து, எந்த வைத்தியர். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். நடை தடுமாறினால் போனில் சின்ன வீடியோ எடுங்கள். வைத்தியர் முன் பிள்ளை ஒழுங்காக நடந்து காட்டிவிடும். முடிந்தவரை ஒரே வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். மாற்ற வேண்டி வந்தால் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

இது நம்மைப் போன்ற நாடுகளில் மட்டுமா?

இல்லை. பிரித்தானியாவிலும் ஒரு காலத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் அறிகுறியிலிருந்து நோய் கண்டறிய 14 வாரங்களுக்கு மேல் எடுத்தது. 2011இல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கி, வயதுக்கு வயது அறிகுறிகளை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பெற்றோருக்கும் வைத்தியர்களுக்கும் கொடுத்தார்கள். சில வருடங்களில் அந்தக் கால அளவு 7 வாரங்களுக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை. அந்த அட்டையைப் போல ஒன்று எளிய தமிழில், எளிய சிங்களத்தில் ஒவ்வொரு சிறுவர் கிளினிக் சுவரிலும் ஏன் இருக்கக்கூடாது? மனதாரக் கேட்கிறேன்.

ஆனால் நம் போன்ற நாடுகளில் பிந்துவதற்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. ஸ்கேன் இயந்திரமும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் பெரிய நகரங்களில்தான். கட்டியின் வகையைச் சொல்லும் நோயியல் நிபுணர்கள் குறைவு. சில நாடுகளில் பிள்ளை என்ன நோயால் இறந்தது என்றே பதிவாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு சுமார் 4,00,000 பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. இதை 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 ஆக்க வேண்டும் என்று 2018இல் அந்த நிறுவனம் இலக்கு வைத்தது. முதலில் கவனிக்கத் தேர்ந்தெடுத்த ஆறு புற்றுநோய் வகைகளில் மெதுவாக வளரும் ஒரு மூளைக்கட்டி வகையும் இருக்கிறது.

இலங்கையில் ஒரு பெரிய நன்மை, அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஸ்கேனுக்கு வரிசை உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்கள் வெளிநாடு போனதும் நிலைமையை மோசமாக்கின. இருந்தாலும் கதவு திறந்துதான் இருக்கிறது.

எனக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். சொன்னது வைத்தியருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை.

இந்தத் தாமதத்தைப் பற்றி யாரும் கணக்கு எடுப்பதில்லை, ஆனால் நான் கண்ணால் பார்ப்பது இதைத்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்த தாய், பிள்ளைக்குச் சத்தி என்று சொல்லத் தெரிந்து வைத்திருப்பார். "எழும்பியதும்தான், பிறகு இல்லை" என்று சொல்ல வராது. "நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறாள்" என்பதும் வராது. முக்கியமான தகவல் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் உதவிக்கு வந்து "சத்தியாம், தலையிடியாம்" என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்.

தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்பது உங்கள் உரிமை. வார்டில் தமிழ் பேசும் வைத்தியரோ தாதியோ இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். யாரும் இல்லை என்றால் சிங்களம் நன்றாகத் தெரிந்த உறவினரைப் போனில் ஒலிபெருக்கியில் போடலாமா என்று கேளுங்கள். கொப்பியில் உள்ளதை முன்கூட்டியே யாராவது ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மொழிபெயர்ப்புக்குப் பிள்ளையின் அண்ணன் அக்காவை நிறுத்தாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தங்கைக்குக் கட்டி என்ற செய்தியைத் தாய்க்குச் சொல்ல நேரும்.

ஸ்கேன் வேண்டும் என்று நான் கேட்டால் வைத்தியர் கோபிப்பாரா?

"ஸ்கேன் எழுதித் தாருங்கள்" என்று தொடங்கினால் சிலருக்குப் பிடிக்காதுதான். வேறு விதமாகக் கேட்கலாம்: "டொக்டர், இது இத்தனை கிழமையாக இருக்கிறது, இதோ எழுதி வைத்திருக்கிறேன். தலைக்குள் அழுத்தம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளையை நடக்கவிட்டு, கண்ணின் பின்பக்கத்தைப் பார்ப்பீர்களா?" ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு சேர்த்து நேர்கோட்டில் நடக்க வைப்பது, விரலால் மூக்கைத் தொடச் சொல்வது, கண்ணால் விரலைப் பின்தொடர வைப்பது எல்லாம் சில நிமிட வேலை. இவற்றுக்குப் பணம் தேவையில்லை. இப்போது ஸ்கேன் வேண்டாம் என்று அவர் சொன்னால், எந்த நாளில் திரும்பி வர வேண்டும், என்ன நடந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிடி ஸ்கேனா, எம்.ஆர்.ஐ. ஸ்கேனா?

சிடி சில நிமிடங்களில் முடியும், அவசரத்தில் அதுதான் கைகொடுக்கும். பெரிய கட்டியையும் தேங்கிய திரவத்தையும் காட்டிவிடும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. மூளைத்தண்டிலும் சிறுமூளைப் பக்கத்திலும் உள்ள சிறு கட்டி அதில் தவறலாம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, படமும் தெளிவு. ஆனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். தனியாரில் சீக்கிரம் கிடைக்கும், செலவு பெரியது. மண்டையோட்டு எக்ஸ்ரே இதற்கு உதவாது. அதை எடுத்து ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். சிடி நன்றாக இருந்தும் அறிகுறிகள் கூடிக்கொண்டே போனால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

தலையிடியோடு பிள்ளை எழுப்ப எழுப்ப மயங்கித் தூங்கினால், நிற்காமல் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், திடீரென்று கண் திரும்பினால், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே, அந்த நேரமே போங்கள். சனல் பண்ணி மாலைவரை காத்திருக்க வேண்டாம். கொழும்பில் பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போகலாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வெளியூரில் இருந்தால் முதலில் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. கொழும்புக்கு என்று பஸ் ஏறாதீர்கள்.

நாவூறு, கிரக தோஷம் என்கிறார்கள். பார்வை பார்த்தால் என்ன?

நூல் கட்டுவதாலும் கோயிலில் அர்ச்சனை செய்வதாலும் பிள்ளைக்கு ஒரு கேடும் வராது. தாய்க்கு மனத்தெம்பு வரும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அது முடியும்வரை ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள். காலையில் கோயில் என்றால் அதே காலை வைத்தியர். வலிப்பு வந்த பிள்ளையை மட்டும் முதலில் வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது.

பிள்ளை முன்பு கட்டிலிலிருந்து விழுந்தது. போனும் நிறையப் பார்த்தது. நாங்கள்தான் காரணமா?

இல்லை. விழுந்ததால் கட்டி வருவதில்லை. போன் திரையைப் பார்த்ததாலோ கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டதாலோ வந்ததும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. ஒரு சிறு பங்குக்குப் பரம்பரை நிலைகள் உண்டு. தோலில் பால் தேநீர் நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தட்டையான புள்ளிகள் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்படி ஒரு நிலையில் கண் நரம்பில் கட்டி வரும் சாத்தியம் கூடுதல், ஒழுங்கான கண் பரிசோதனை தேவை. முன்பு தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல்.

பிந்திவிட்டதால் என் பிள்ளை பிழைக்காதா?

இதற்கு உண்மையான பதிலைச் சொல்கிறேன். பிந்திய வாரங்களுக்கும் பிழைப்பதற்கும் நேரடித் தொடர்பு எப்போதும் இல்லை. வேகமாக வளரும் கொடிய கட்டி தன்னைச் சீக்கிரம் காட்டிவிடும். மெதுவாக வளரும் கட்டிதான் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ஆகவே நீண்ட கதையோடு வந்த பல பிள்ளைகளின் கட்டி நல்ல வகையாகவே இருக்கும். சிறுமூளையில் வரும் மெதுவான வகையை முழுதாக எடுத்துவிட்டால் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பத்து வருடங்களுக்குப் பிறகும் வாழ்கிறார்கள். அதே இடத்தில் வரும் வேகமான வகையிலும், பரவாமல் இருந்து முழுச் சிகிச்சையும் கிடைத்தால், வசதியான நாடுகளில் பத்தில் எட்டுப் பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள். மூளைத்தண்டில் பரவி வளரும் ஒரு வகை உண்டு. அதில் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தாலும் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்ற இன்றைய மருத்துவத்தால் முடியவில்லை. அந்தப் பெற்றோருக்குத் "தாமதித்துவிட்டோம்" என்ற பாரமும் சேரக்கூடாது.

அப்படியென்றால் ஏன் அவசரம்? பார்வைக்காக. நடைக்காக. படிப்புக்காக. கண் நரம்பு வீங்கி நாட்கள் போனால் போன பார்வை திரும்பாமலே போகலாம். மயங்கிய நிலையில் நள்ளிரவு அவசரச் சத்திரசிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கும், தன் காலால் நடந்து வந்து திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

கட்டி என்று உறுதியாகிவிட்டது. இனி?

வீக்கம் குறைக்க மருந்து, தேங்கிய திரவத்துக்கு வழி, பிறகு கட்டியை முடிந்தவரை எடுத்து வகையைப் பரிசோதிப்பது. வகையைப் பொறுத்து மருந்துச் சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியை எண்ணிக் கதிர்ச் சிகிச்சையை முடிந்தவரை தவிர்ப்பார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. சத்திரசிகிச்சை முடிந்து பிள்ளை சிரித்ததும் சுகம் என்று ஊருக்குப் போய்விடும் குடும்பங்கள் உண்டு. தோட்டத்தில் நாட்சம்பளம் போகிறது, வீட்டில் மற்றப் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இடையில் நின்றால் கட்டி திரும்பலாம். போக்குவரத்தோ தங்குமிடமோதான் பிரச்சினை என்றால் அதை வார்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னால்தான் யாராவது வழி பார்ப்பார்கள்.

வெளியூரிலிருந்து கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்?

அனுப்பிய கடிதம், பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, பழைய டயக்னோசிஸ் கார்டுகள், மருந்துத் துண்டுகள், நீங்கள் எழுதிய கொப்பி. எல்லாத் தாள்களையும் போனில் படம் எடுத்தும் வையுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாத மருந்து இருந்தால் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுப்பதென்றால் எத்தனை மணியிலிருந்து சாப்பாடும் பாலும் கொடுக்கக்கூடாது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அது தெரியாமல் விடியக்காலை பால் கொடுத்ததால் திகதி தள்ளிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் ஏற்கனவே ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்களைச் சீடி இறுவட்டில் பதிந்து தரச் சொல்லி வாங்கி வாருங்கள், சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டியது அந்தப் படங்களைத்தான்.